ரிங் போன முப்பத்தொரு பேர்

அவளுக்கு ஆஸ்பத்திரியில் 'விசாரிப்பு' என்று பேர். கூட்டிப் பெருக்குகிறவரிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் விசாரிப்புதான். வயதில் சின்னவர்கள் மட்டும் மரியாதைக்கு ஓர் 'அக்கா' சேர்த்துக்கொள்வார்கள். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பேருக்குப் போன் போடுவாள். ஒவ்வொரு போனையும், "ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேங்க, சும்மா விசாரிக்கலாம்னு கூப்பிட்டேன்" என்றுதான் ஆரம்பிப்பாள். சும்மாவாவது, விசாரிப்பதாவது! சும்மா விசாரிக்க எந்த ஆஸ்பத்திரி ஆள் போட்டுச் சம்பளம் கொடுக்கிறது? ஐந்தாறு வருஷம் முன்னால் பெருங்குடலில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் பண்ணிக்கொண்டு போனவர்கள் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்று தெரிந்துகொள்வதுதான் அவள் வேலை. அதை நேராகக் கேட்க யாருக்கு வாய் வரும், நீங்களே சொல்லுங்கள்.

அதனால் அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். "அவர்கிட்ட ஒரு நிமிஷம் குடுக்கிறீங்களா?" என்பாள். "இதோ" என்று குரல் வந்தால் ஆள் இருக்கிறார். அந்தப் பக்கம் வெறும் மூச்சு மட்டும் கேட்டால், கொஞ்சம் பொறுத்து, "எப்போம்மா?" என்று மெதுவாகக் கேட்டுத் தேதியை வாங்கிக்கொள்வாள். கணினியில் ஒவ்வொரு பேருக்கும் எதிரே மூன்று கட்டங்கள் இருக்கும்: உயிரோடு, காலமானார், தொடர்பு கிடைக்கவில்லை. நடுக்கட்டத்தில் டிக் போட வேண்டி வந்தால் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். தாழ்வாரத்தில் ஒரு நடை, தண்ணீர்க் குழாய் வரை போய் ஒரு மடக்கு, திரும்பி வந்து அடுத்த நம்பர். ஒன்பது வருஷமாக இப்படி.

அவள் அறை ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் பின்னால் இருந்தது. முன்னே உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த இடம். ஒரே ஜன்னல், திறந்தால் ஜெனரேட்டர் சத்தம், மூடினால் மருந்து நெடி. சாதாரணமாகவே உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாதவள், அந்த அறைக்குள் எப்படி இருப்பாள்? போன் வயர் எவ்வளவு தூரம் இழுபடுமோ அவ்வளவு தூரம் நடந்துகொண்டேதான் பேசுவாள். வீட்டிலும் இதே கதைதான். சாப்பாட்டுக்கு நடுவில் நாலு தடவை எழுந்திருப்பாள். "நம்ம பஸ்ல இருக்கிற பெல்ட்டு ஒண்ணைக் கழட்டிக்கிட்டு வந்து உன்னைக் கட்டிப் போடணும்" என்பார் அவள் வீட்டுக்காரர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், அறுபது பிள்ளைகளை உட்கார வைப்பார், இவள் ஒருத்தியிடம் தோற்றுப்போவார்.

போன வருஷம் அவளுக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. ஆராய்ச்சி டாக்டரம்மா ஒரு பட்டியலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லோரும் இதே ஆஸ்பத்திரியில் குடல் ஆபரேஷன் பண்ணிக்கொண்டவர்கள். அவர்களிடமிருந்து வெட்டி எடுத்த கட்டியில் ஆளுக்கொரு துண்டு மெழுகில் புதைத்துக் கீழ்த்தளத்தில் பத்திரமாக இருந்தது.

"ஒரு செல்லு கெட்டுப்போச்சுன்னா அதுவே தன்னை முடிச்சுக்கணும். அதுக்கு உள்ளயே ஏற்பாடு இருக்கு" என்று டாக்டரம்மா விளக்கினார். "அந்த உத்தரவைப் போடுற ஜீன்கள்ல பதினொண்ணை எடுத்திருக்கோம். சிலரோட கட்டியில அது ஒழுங்கா வேலை செய்யுது, சிலரோட கட்டியில படுத்துடுது. எது எப்படி இருந்தா ஆள் பிழைச்சார், எப்படி இருந்தா போய்ட்டார்னு நானூறு பேரை வெச்சுக் கணக்குப் போட்டா, நாளைக்கு வர்ற ஒரு நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லிடலாம். கட்டியைப் பத்தி நாங்க பார்த்துக்கிறோம். ஆளைப் பத்தி நீங்க சொல்லணும்."

"அதாவது, சாகத் தெரியாத செல்லுதான் ஆளைச் சாகடிக்குது" என்றாள் இவள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "இதை நான் மூணு பக்கம் எழுதியிருக்கேன்" என்றார்.

இவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் போடும் டிக் எங்கேயோ போய்ச் சேரப்போகிறது. நாலு மாசம் விழுந்து விழுந்து வேலை செய்தாள். நம்பர் மாறியவர்களைத் தேடிப் பிடித்தாள், ஊர் மாறியவர்களைப் பிடித்தாள். ஒரு கிழவரை அவருடைய பழைய சலூன்காரர் மூலம் பிடித்தாள். அப்படியும் கடைசி வாரத்தில் எழுபத்தொரு பேர் மிச்சம் நின்றார்கள். இரண்டு தடவை, மூன்று தடவை கூப்பிட்டும் யாரும் எடுக்கவில்லை.

அதில் நாற்பது பேர் நம்பரே உயிரோடு இல்லை. அவர்களை மூன்றாவது கட்டத்தில் போட்டாள். மீதி முப்பத்தொரு பேர் போன் ரிங் போனது, எடுப்பாரில்லை. அவர்களையும் மூன்றாவது கட்டத்தில்தான் போட்டிருக்க வேண்டும். ஆனால் டாக்டரம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார், "தொடர்பு கிடைக்கலைங்கிறது பத்துல ஒரு பங்கைத் தாண்டினா நம்ம கட்டுரையை மூஞ்சிலேயே வீசிடுவாங்க" என்று. நாற்பது போட்டாயிற்று, இன்னும் ஒன்று போடலாம். முப்பத்தொன்றைப் போட இடம் ஏது? வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டியல் போய்ச் சேர வேண்டும்.

அவள் கெட்டவள் இல்லை. சோம்பேறியும் இல்லை. ஆனால் பண்ணினது பண்ணினதுதான், அதைப் பூசி மெழுகி என்ன ஆகப்போகிறது? வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். ரிங் போகிறது. போனவங்க போனுக்கு யாராவது ரீசார்ஜ் பண்ணிக்கிட்டு இருப்பாங்களா? ரிங் போனா ஆள் இருக்கார். எங்கேயோ தோட்டத்தில் இருப்பார், குளித்துக்கொண்டிருப்பார், தெரியாத நம்பர் என்று எடுக்காமல் விட்டிருப்பார். முப்பத்தொரு பேருக்கும் முதல் கட்டத்தில் டிக் போட்டாள். உயிரோடு, உயிரோடு, உயிரோடு. நல்லதைத்தானே எழுதுகிறோம் என்று ஒரு திருப்திகூட வந்தது அவளுக்கு. எழுந்து தாழ்வாரத்தில் நடக்கக்கூட இல்லை.

கணக்கு முடிந்தது. பதினொரு ஜீனையும் சேர்த்து ஒருவருக்கு ஒரே ஒரு எண் வரும், பூஜ்யத்திலிருந்து நூறுக்குள். ஐம்பதுக்குக் கீழே இருந்தால் பச்சைத் தாள், மேலே இருந்தால் சிவப்புத் தாள். பச்சைக்காரர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர் ஐந்து வருஷம் தாண்டியிருக்கிறார்கள் என்று வந்தது. டாக்டரம்மா எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். இந்த வருஷம் தொடக்கத்திலிருந்து, சம்மதிக்கிற புது நோயாளிகளுக்கு அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் அவள் தம்பி வந்து படுத்தான்.

தம்பி என்றால் ஆறு வயது சின்னவன். அவனைச் சின்ன வயதில் தூக்கித் தூக்கித்தான் தன் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துபோனது என்று இன்றைக்கும் அவன் பெண்டாட்டியிடம் சொல்லுவாள். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றால் இவனுக்குத்தான் போன் வரும். மலத்தில் ரத்தம் போவதை எட்டு மாசம் மூலம் என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் மூச்சு விடாமல் இருந்திருக்கிறான் கழுதை. பேண்ட் இடுப்பில் நிற்காமல் இறங்குவதைப் பார்த்துவிட்டு அக்காதான் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். குடலில் ஒரு சாண் வெட்டி எடுத்தார்கள். நோய் இரண்டாம் கட்டம், நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவவில்லை என்று வந்தது.

"இந்தக் கட்டத்துல கீமோ கட்டாயம்னும் சொல்ல முடியாது, வேணாம்னும் சொல்ல முடியாது" என்றார் ஆபரேஷன் பண்ணிய டாக்டர். "குடுத்தா ஆறு மாசம். விரல் நுனி மரத்துப்போகும். சிலருக்குத் திரும்பி வந்துடும், சிலருக்கு வராது. குடுக்கிறதா இருந்தா ஆபரேஷன்லேருந்து எட்டு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சிடணும்."

தம்பிக்கு விரல் என்ற வார்த்தையைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை. "லிஃப்ட் கதவு லாக்குக்குள்ள கண்ணை விட்டுப் பாக்க முடியாதுக்கா, விரலை விட்டுத்தான் பாக்கணும்" என்றான். "விரல் போச்சுன்னா நான் லிஃப்ட்டுக்குள்ள நின்னுக்கிட்டு எத்தனையாவது மாடின்னு கேக்கத்தான் லாயக்கு."

"பேசாம இரு. அந்த எண்ணைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றாள் அக்கா. சொன்னது அவள்தான். அதையும் மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.

நாலாவது வாரம் தாள் வந்தது. பச்சை. நாற்பத்திரண்டு. தம்பி பெண்டாட்டி வெளிநோயாளிகள் வரிசைக்கு நடுவில் வைத்தே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தம்பி அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினான். "கீமோ வேணாம்னு வந்துடுச்சு. எல்லாம் எங்கக்கா கண்டுபிடிச்ச கணக்கு" என்று லிஃப்ட் ஆபரேட்டரிடம் சொன்னான். "நூத்துக்குத் தொண்ணூத்து மூணு பேரு பொழைச்சிருக்காங்க. எங்கக்காவே போன் போட்டுக் கேட்டிருக்கு."

பக்கத்தில் நின்றவள் லிஃப்ட்டில் ஏறாமல் படிப் பக்கம் நடந்தாள்.

தொண்ணூற்று மூன்று என்ற அந்த எண்ணுக்குள் அவளுடைய முப்பத்தொரு டிக்கும் உட்கார்ந்திருந்தது. எத்தனை பேர் பச்சைக்குள் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது, எண்கள் எல்லாம் டாக்டரம்மாவிடம்தான். ஒருவேளை எல்லோரும் உயிரோடுதான் இருப்பார்கள். இருக்கலாம். ஆனால் இல்லாவிட்டால்? நல்லதைத்தானே எழுதினோம் என்று அன்றைக்கு நினைத்தது இன்றைக்குத் தம்பியின் சட்டைப்பையில் மடித்துக் கிடந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள்ளேயே சுற்றினாள். துவைத்த துணியைத் திரும்பத் துவைத்தாள். அடுப்பை அணைத்தோமா என்று பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்தாள். வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து, "என்ன, சொல்லு" என்றார். "ஒண்ணுமில்ல" என்றாள். "ஒண்ணுமில்லாததுக்கா மூணு நாளா என் டிபன் டப்பால மூடி மட்டும் வெச்சு அனுப்புற?" என்றார் அவர். அப்போதும் வார்த்தையை மென்று முழுங்கினாள். அவரிடம் சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயம்.

மறுநாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போனதும், முப்பத்தொரு பேரையும் தனியாக ஒரு தாளில் எழுதினாள். முதல் ஆளைக் கூப்பிட்டாள். ரிங் போனது. எடுத்தார்கள்.

"ஏன், சாகலையான்னு பாக்குறீங்களா?" என்று அதட்டியது ஒரு குரல். "போன வருஷமும் மூணு தடவை கூப்பிட்டீங்க இந்த நம்பர்லேருந்து. இன்ஷூரன்ஸ் விக்கிறவங்கன்னு நெனச்சு எடுக்கல. நல்லாத்தான் இருக்கேன், மாடிப்படி ஏறுறேன், வேறென்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம் ஐயா. நல்லா இருங்க" என்றாள். அவருக்கு நூறு வயசு என்று மனசுக்குள் வாழ்த்தினாள். அடுத்தவரும் உயிரோடு இருந்தார், ஓர் அம்மா, மகள் வீட்டில். பார்த்தாயா, வீணாய்ப் பயந்தோம் என்று அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மூன்றாவது நம்பரை யாரும் எடுக்கவில்லை. ஆனால் பத்து நிமிஷம் கழித்து அதே நம்பரிலிருந்து திருப்பிக் கூப்பிட்டார்கள். ஒரு பெண் குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு பேசியது.

"நீங்க யாருன்னு தெரியல. மன்னிச்சிக்கணும். இது எங்க வீட்டுக்காரர் நம்பர்."

"அவர்கிட்ட ஒரு நிமிஷம்..." என்று இவள் பழக்கத்தில் ஆரம்பித்தாள்.

"அவர் போயி நாலு வருஷம் ஆகுது." பிறகு அவளாகவே தொடர்ந்தாள். "மாசாமாசம் இதுக்கு ரீசார்ஜ் மட்டும் பண்ணிடுவேன். எப்பவாவது அவரைத் தேடி யாராவது கூப்பிட்டா, அந்த ரிங் கேக்க நல்லா இருக்கும். எடுக்கத்தான் தைரியம் வராது. எடுத்தா சொல்ல வேண்டியிருக்கும் பாருங்க. இன்னிக்கு என்னவோ, திருப்பிக் கூப்பிட்டுப் பாப்போம்னு தோணிச்சு. நீங்க அவருக்கு வேண்டியவங்களா?"

"ஆஸ்பத்திரிம்மா. சும்மா விசாரிக்கலாம்னு" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"விசாரிச்சதுக்கு ரொம்ப நன்றிங்க" என்றாள் அந்தப் பெண். மனசார நன்றி சொன்னாள். தேதியும் சொன்னாள். ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருஷம்தான் அந்த மனுஷன் இருந்திருக்கிறார்.

போனை வைத்துவிட்டு இவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரிங் போனா ஆள் இருக்கார். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாய் நினைத்தாய், எவ்வளவு சுலபமாய் டிக் போட்டாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வெட்கமாக இருந்தது அவளுக்கு, உடம்பெல்லாம் கூசியது.

அதன்பிறகு விட்டேனா பார் என்று இறங்கினாள். எடுக்காதவர்களின் பழைய அட்மிஷன் தாள்களைத் தேடிப் பதிவேட்டு அறைக்குப் போனாள். தாளின் பின்பக்கத்தில், கூட வந்தவர் நம்பர் என்று பென்சிலில் கிறுக்கியிருக்கும். போன வருஷமே இதைத் தேடியிருக்கலாம், தூசி என்று விட்டுவிட்டாள். இப்போது ஏணியில் ஏறி, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கட்டுக் கட்டாய்ப் பிரித்தாள். மச்சான் நம்பர், பக்கத்து வீட்டு நம்பர், வேலை பார்த்த கம்பெனி நம்பர். "யாரு? அவரா? அது ஆச்சே, ரெண்டு வருஷம்" என்று ஒரு மருந்துக்கடைக்காரர் சில்லறை கொடுத்துக்கொண்டே சொன்னார். பட்டியலில் ஒவ்வொரு பேராய் நடுக்கட்டத்துக்குப் போனது.

பன்னிரண்டு நாள் ஆயிற்று. முப்பத்தொன்றில் இருபத்துநாலு பேர் விவரம் கிடைத்தது. ஏழு பேர் உயிரோடு இருந்தார்கள். பதினேழு பேர் இல்லை. மீதி ஏழு பேர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

தம்பிக்கு ஆபரேஷன் ஆகி ஆறு வாரம் முடியப்போகிறது. அவன் மெதுவாக வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தான். ராத்திரி சாப்பாட்டில் ஒரு வாய் கூடுதலாய் இறங்குகிறது என்று அவன் பெண்டாட்டி போனில் சந்தோஷப்பட்டாள். இன்னும் இரண்டு வாரம் இவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், கீமோவுக்கு நேரம் தாண்டிவிடும், யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். அப்படியும் ஒரு யோசனை வந்தது அவளுக்கு. வரவில்லை என்று சொன்னால் பொய். டாக்டரம்மா அறைக்கு இரண்டு தடவை போய்க் கதவருகே நின்றுவிட்டுத் திரும்பினாள். ஒரு தடவை டாக்டரம்மாவே பார்த்துவிட்டு, "என்ன அக்கா?" என்று கேட்க, "ஏசி ஓடுதான்னு பாத்தேன்" என்று உளறிவிட்டு வந்தாள்.

மூன்றாவது தடவை உள்ளே போய் அந்தத் தாளை மேஜையில் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளிக்கிழமை, நாற்பது பேர், இடமில்லாமல் போன முப்பத்தொரு பேர், ஒன்றையும் மறைக்கவில்லை.

டாக்டரம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. தாளை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தார். "இது தப்புன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?" என்றார்.

"எழுதும்போதே தெரியும்."

"உங்க தம்பிக்குப் பச்சை வந்திருக்காட்டி, இதை என்கிட்ட கொண்டுவந்திருப்பீங்களா?"

விசாரிப்பு யோசித்தாள். பொய் சொல்லிச் சொல்லிப் பட்டது போதும் என்று தோன்றியது. "மாட்டேன்" என்றாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "பத்துல ஒரு பங்குன்னு உங்களைப் போட்டு நெருக்கினது நான்தான். வேற ஆஸ்பத்திரி நோயாளிகளை வெச்சு ஒரு தடவை சரிபார்க்காமலே அவசரப்பட்டு நோயாளிக்குக் குடுத்ததும் நான்தான். உங்களை மட்டும் சொல்லி என்ன பண்றது" என்றார். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "ஆனா உங்களை இனிமே இந்த மேஜையில வெச்சுக்க முடியாது அக்கா. நடந்ததை எழுதிக் குடுங்க" என்றார். அக்கா என்று சொன்னது இன்னும் வலித்தது.

ஐந்து நாளில் திரும்பக் கணக்குப் போட்டார்கள். டாக்டரம்மாவே இவளைக் கூப்பிட்டனுப்பினார். இறந்துபோன அந்தப் பதினேழு பேரில் பதினொரு பேர் பச்சைத் தாள்காரர்கள்.

"உங்க தம்பி நம்பர் மாறல. அதே நாற்பத்திரண்டுதான். கோடுதான் கீழ வந்துடுச்சு. முப்பத்தெட்டு" என்றார்.

"அப்போ அவன்?"

"இப்போ கோட்டுக்கு மேல. ரொம்ப மேல இல்ல. இந்தக் கோட்டையும் நான் நம்பச் சொல்ல மாட்டேன். பச்சை வாங்கினவங்க எல்லாரையும் கூப்பிட்டு, அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்கன்னு சொல்லப்போறேன். தம்பி விஷயத்துல என் அபிப்பிராயம் கேட்டீங்கன்னா, கீமோ எடுத்துக்கட்டும். திங்கக்கிழமை ஓர் இடம் இருக்கு. அதை விட்டா எட்டு வாரம் தாண்டிடும். அவர்கிட்ட நான் பேசட்டுமா?"

"நான் பேசறேன்" என்றாள் விசாரிப்பு.

தம்பி அன்றைக்கு ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் வேலையாய் இருந்தான். கீழே லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. ஏழு மாடி ஏறினாள். வழியில் எதிர்ப்பட்ட குமாஸ்தாக்கள் எல்லாம் லிஃப்ட்டைச் சபித்துக்கொண்டே இறங்கினார்கள். மேல் மாடியில் கதவைத் திறந்து வைத்து, இருட்டுக் குழிக்கு எதிரே மண்டியிட்டு, தம்பி ஒரு கையை லாக்குக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். கண் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, விரல்தான் வேலை செய்தது.

"என்னக்கா, மூச்சு வாங்க வந்திருக்க? ஒரு போன் பண்ணியிருந்தா இறங்கி வந்திருப்பேனே" என்றான். முகம் மலர்ந்திருந்தது.

நின்றபடியே சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் படியில் உட்கார்ந்து மீதியைச் சொன்னாள். அவன் குறுக்கே பேசவில்லை. கையை வெளியே எடுத்து, கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான். ஒவ்வொரு விரலாய்த் துடைத்தான்.

"பதினேழு பேரு செத்திருக்காங்க. நீ உயிரோடன்னு எழுதியிருக்க" என்றான் கடைசியில்.

"ஆமா."

"அதைப் பாத்துட்டு எனக்குப் பச்சைத் தாள் குடுத்தாங்க."

"ஆமாடா."

"நான் தெருவுல போறவன்கிட்டல்லாம் காட்டினேன்."

கீழே யாரோ லிஃப்ட் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"நீ தாளை வாங்கின அன்னிக்கே பயம் வந்துடுச்சு. நிச்சயமா தெரிஞ்சு ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு."

"மூணு வாரம்" என்றான் தம்பி. "மூணு வாரமா நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன், நீ பாத்துக்கிட்டு இருந்த." குரல் உயரவில்லை. "முன்னாடியே தாள் இல்லாம இருந்திருந்தா, சரி எடுத்துக்கலாம்னு அன்னிக்கே மனசைத் தேத்தியிருப்பேன். இப்போ குடுத்துட்டுப் பிடுங்குற."

"திட்டுடா. நல்லா திட்டு. ஆனா திங்கக்கிழமை வந்துடு. எட்டு வாரம் முடியுது. கால்ல வேணாலும் விழறேன்."

"விழ வேணாம். வரேன்" என்றான் உடனே. "ரெண்டு பிள்ளை வெச்சிருக்கேன், வராம என்ன பண்றது? விரல் போனா போகட்டும்."

அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. எழுந்து அவன் தோளைத் தொடப் போனாள். அவன் ஒரு அடி நகர்ந்துகொண்டான், குழிப் பக்கமாக. அவள் பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள்.

"நீ வர வேணாம்" என்றான். "வீட்டுலேருந்து அவ வந்தா போதும்."

"முதல் தடவைக்கு மட்டுமாவது நான் பக்கத்துல..."

"ஆறு மாசமும் வேணாம்க்கா. எப்படி இருக்கேன்னு போன் போட்டும் கேக்காத. உன் குரலைக் கேட்டா எனக்கு எதுவும் நெசம்னு தோணாது." மண்டியிட்டு உட்கார்ந்தான். கையைத் திரும்ப லாக்குக்குள் விட்டான்.

"சரி" என்றாள்.

படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். அவன் வருகிறேன் என்று சொல்லிவிட்டான், வந்துவிடுவான், சொன்ன சொல் தவற மாட்டான். வைத்தியம் நேரத்துக்கு நடக்கும். அது போதும், அதற்காகத்தானே இவ்வளவும் என்று ஒவ்வொரு மாடியிலும் தனக்குச் சொல்லிக்கொண்டாள். தரைத்தளம் வந்தது. போதவில்லை.